ஏற்காட்டு ஹோம்ஸ்டேயில் போன் தொல்லையைக் குறைக்க என்ன பொருத்தலாம்?

கேள்வி இது: காபித் தோட்டத்துக்குள் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறீர்கள். அமைதி வேண்டும் என்று 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் இறங்கியதும் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார்கள். இரண்டு நாளும் திண்ணையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்துவிட்டு, மனசு ஆறவில்லை என்று சொல்லிக்கொண்டே மலை இறங்குகிறார்கள். வைஃபையை எடுத்துவிடலாமா, போனை வாங்கிப் பூட்டி வைக்கலாமா, வேறு ஏதாவது கருவி இருக்கிறதா? சேலத்துக்குள் வீட்டிலும் இதையே செய்யலாமா?

வைஃபையை மட்டும் எடுத்தால் பலன் இல்லை. தோட்டத்தில் எங்காவது ஒரு மூலையில் ஒரு கோடு சிக்னல் வரும். ஆட்கள் அதைத் தேடிப் போய் நிற்பார்கள். முன்பு திண்ணையில் பார்த்ததை இப்போது வேலியோரம் நின்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். சிக்னலையே முடக்கும் ஜாமர் என்ற பேச்சே வேண்டாம், தனியார் அதை வைப்பது சட்டவிரோதம். சிக்னல் பூஸ்டரும் அப்படியே.

ஏதாவது வந்திருக்குமோ என்று தெரியாத வரை கை போனுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். பத்து முறை பார்த்தால் ஒரு முறை ஏதோ இருக்கும். எந்த முறை என்று தெரியாது. எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாத பலன்தான் ஒரு பழக்கத்தை விடாமல் பிடித்து வைக்கும் என்று புறாக்களை வைத்து உளவியலாளர் ஸ்கின்னர் 1950களிலேயே காட்டிவிட்டார். அதனால் நீங்கள் கட்ட வேண்டியது ஒரு உத்தரவாதம். அவசரம் என்றால் எப்படியும் என்னிடம் வந்து சேரும், மற்றதெல்லாம் சாயங்காலம் மொத்தமாக வரும் என்ற இரண்டையும் விருந்தாளி நம்ப வேண்டும். நம்பினால் போன் தானாகக் கீழே இறங்கும். கீழே சொல்வது எல்லாமே அந்த நம்பிக்கையைத் தாங்குவதற்கான வேலைதான்.

இந்த யோசனை புதிதல்ல. 1990களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும், கருவி எப்போதும் கவனத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும், தேவைப்படும்போது மட்டும் நடுவுக்கு வர வேண்டும் என்று எழுதினார்கள். அங்கே நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் கூரையிலிருந்து 8 அடி நீளப் பிளாஸ்டிக் கயிறு ஒன்றை ஒரு சின்ன மோட்டாரில் தொங்கவிட்டார். ஆபீஸ் நெட்வொர்க்கில் போக்குவரத்து அதிகமானால் கயிறு சுழலும், குறைந்தால் எப்போதாவது துடிக்கும். யாரும் திரையைப் பார்க்காமலே நிலவரம் தெரிந்தது. 2001இல் ஸ்வீடனில் லார்ஸ் ஹால்னாஸும் யோஹான் ரெட்ஸ்ட்ரோமும் இன்னும் ஒரு படி போய், வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காக அல்லாமல் நின்று யோசிக்க வைப்பதற்காகவே கருவி செய்யலாம் என்றார்கள். உங்கள் மூன்று அறைக்கு இரண்டு யோசனையும் உதவும். ஆனால் முதல் வேலை ஒரு மணி.

அவசர வழி இப்படி. ஆபீஸ் அறையில் ஒரு பட்டன் போன், இரண்டு வேறு கம்பெனி சிம் போட்டு, சிக்னல் நன்றாக வரும் ஜன்னல் பக்கம் எப்போதும் சார்ஜில். விருந்தாளி தன் வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் அந்த நம்பரைக் கொடுக்கிறார். அழைப்பு வந்தால் ஆபீஸில் இருப்பவர் பட்டனை அழுத்துகிறார், அறையில் மணி அடிக்கிறது. பேட்டரி போட்ட ஒயர்லெஸ் பெல் வாங்காதீர்கள். பேட்டரி தீர்ந்தது யாருக்கும் தெரியாது, தெரியவரும் நாள் அவசரம் வந்த நாளாக இருக்கும். 230 வோல்ட் டிங்டாங் பெல்லும் வேண்டாம். ஏற்காட்டு மழையில் 40 மீட்டர் தோட்டத்துக்குள் போகும் ஒயரில் அந்த வோல்டேஜ் ஆபத்து. எலக்ட்ரானிக் பஸ்ஸரின் கீச்சொலி தூக்கிவாரிப் போடும்.

சேலம் பாத்திரக் கடையில் ஒரு சின்ன வெண்கலப் பூஜை மணி வாங்கி, நாக்கைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் சாலினாய்டு (கரண்ட் கொடுத்தால் ஒரு தண்டை வெளியே தள்ளும் மின்காந்தச் சுருள்) ஒன்றை வெளியிலிருந்து அதன்மேல் தட்ட வையுங்கள். சுமார் 12 ஓம் சுருள், ஒரு ஆம்பியர் இழுக்கும் வகை போதும். இதில் எல்லோரும் சிக்குவது ஒரே இடத்தில்தான்: பட்டனை யாராவது அழுத்திப் பிடித்தால் சுருள் சூடாகி எரிந்துவிடும். அதைத் தடுக்க சாலினாய்டுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்காமல், கரண்டைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் விடும் ஒரு கெப்பாசிட்டரிலிருந்து கொடுங்கள். ஆபீஸில் 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. அதை 12 வோல்ட் சப்ளையிலிருந்து 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் வழியாக நிரப்புங்கள். பட்டன், நிரம்பிய கெப்பாசிட்டரைச் சுருளோடு இணைக்க வேண்டும். ஒரு அழுத்தலுக்கு ஒரு அடி. எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் அதற்குப் பிறகு சுமார் 25 மில்லிஆம்பியர்தான் ஓடும், சுருளுக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி கிட்டத்தட்ட முழுதாக நிரம்ப ஏழு நொடி ஆகும். அவசரப்பட்டு உடனே அழுத்தினால் அடி மெலிதாக விழும், அதை ஊழியரிடம் சொல்லி வையுங்கள். சுருளின் இரு முனைக்கும் குறுக்கே கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்று, கோடு போட்ட பக்கம் பாசிட்டிவில் வரும்படி. இல்லையென்றால் பட்டனை விடும்போதெல்லாம் தொடுமுனை பொறிந்து கறுத்துப்போகும்.

ஒயர் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு போடுங்கள். போக 40, வர 40 என்று 80 மீட்டருக்கு சுமார் 1.4 ஓம் வரும். சுருளின் 12 ஓமோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு இழப்பு, தாங்கும். பழைய டெலிபோன் ஒயர் கிடக்கிறதே என்று அதை இழுத்தால் பாதி பலம் வழியிலேயே போய், மணி முனகும். மரத்துக்கு மரம் கட்டாதீர்கள். குரங்கு தொங்கும். சித்திரை இடியிலும் ஐப்பசி இடியிலும் உயரத்தில் நீளமாகப் போகும் ஒயர் மின்னலின் அதிர்வை வாங்கிக்கொண்டு வந்து சப்ளையைக் கொல்லும். பிவிசி பைப்பில் ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். இரண்டு முனையும் கீழ் நோக்கி இருக்கட்டும், தண்ணீர் இறங்காது.

சாலினாய்டின் தண்டை எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஒலி இருக்கிறது. தண்டு முழுதாக வெளியே வந்த நிலையில் மணியிலிருந்து 2 மில்லிமீட்டர் எட்ட நிற்க வேண்டும். வந்த வேகத்தில் தட்டிவிட்டு ஸ்பிரிங்கால் திரும்பிவிடும், மணி நீளமாக ஒலிக்கும். தண்டு மணியைத் தொட்டபடி நின்றால் 'டக்' என்று செத்த சத்தம்தான் வரும். இரண்டு மழைக்காலம் போனால் தண்டு துருப்பிடித்து ஒட்டும். அதற்கு எண்ணெய் விடாதீர்கள், தூசியும் எறும்பும் சேர்ந்து களிம்பாகிவிடும். பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சியைப் பொடித்துத் தூவினால் போதும்.

இனி நம்பிக்கைக்கான வேலை. தினமும் காலை 7.30க்கு காபி தயார் என்பதற்கு அதே மணியை ஒரு தரம் அடியுங்கள். அவசர அழைப்புக்கு மூன்று தரம். காலை அடிக்கும் ஒரு அடி காபிக்கு மட்டுமல்ல, இரவு ஏதாவது வந்தால் இந்த மணி அடிக்கும் என்பதற்கும் அத்தாட்சி. ஒரு நாள் அடிக்காவிட்டால் அன்றே தெரிந்துவிடும். நான் சொல்லும் எல்லாவற்றிலும் ஒன்றுதான் செய்யப் பணம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பட்டன் போனுக்குத் துணையாக லேண்ட்லைன் வைத்திருக்கிறேன், அது கரண்ட் போனாலும் பேசும் என்று நினைக்காதீர்கள். செம்புக் கம்பிக் காலத்தில் அது உண்மை. ஃபைபரில் வரும் போன், வீட்டில் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்குக் கரண்ட் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 10 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்கில் எட்டு மணி நேரம், நடைமுறையில் ஐந்தாறு மணி நேரம் தாங்கும். பேட்டரியை நேராகப் பெட்டியில் செருக வேண்டாம். சார்ஜ் ஏறும்போது 13.8 வோல்ட் வரை போகும். நடுவில் 12 வோல்ட்டில் நிறுத்திக் கொடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்று தேவை. மணியின் சப்ளையையும் இதே பேட்டரியோடு சேர்த்துவிடுங்கள்.

வைஃபையை நேரத்துக்குத் திறந்து மூடுங்கள். மதியம் 1 முதல் 1.30, மாலை 6.30 முதல் 7.15. அதுவும் அறைகளில் வேண்டாம், ஆபீஸ் திண்ணையில் மட்டும். ரவுட்டருக்கு முள் வைத்த சுழல் டைமர் போடாதீர்கள். கரண்ட் போகும்போது அதுவும் நின்றுவிடும். ஒரு மழை வாரத்தில் மாலை நேரம் நள்ளிரவுக்குத் தள்ளிப்போய்விடும். ரவுட்டரிலேயே இருக்கும் நேர அட்டவணை நல்லது, ஒரு பொறி தவிர. பெரும்பாலான ரவுட்டர்களுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்து எழுந்ததும் இணையத்தில் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். நீங்கள் இணையத்தையே மூடும்படி அட்டவணை போட்டிருந்தால் நேரம் கேட்க வழி இருக்காது, தவறான நேரத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே இணைய இணைப்பு எப்போதும் திறந்திருக்கட்டும், அட்டவணை வைஃபை அலையை மட்டும் அணைக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் மனிதர் போனை எடுக்க ஒரு சாக்கு இருக்கும்: மழை வருமா, சேலத்துக்குக் கடைசி பஸ் எப்போது, நாளைக்குக் கரண்ட் நிறுத்தமா. பார்க்கப் போனது மழை, மாட்டிக்கொண்டது ரீல்ஸ். இதற்கு நடையில் ஒரு ஈ-பேப்பர் பலகை வையுங்கள். கிண்டில் என்ற மின்நூல் கருவியில் இருப்பது போன்ற, தானாக ஒளிராத திரை. 7.5 அங்குலம், 800க்கு 480 புள்ளி, கறுப்பு வெள்ளை. மூவண்ணத் திரை வாங்க வேண்டாம், ஒவ்வொரு முறை மாறும்போதும் கால் நிமிடம் வரை கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், அதுவே கவனத்தை இழுக்கும். காலை 6க்கு ஒரு தரம், மாலை 5க்கு ஒரு தரம் மாறினால் போதும். ஒரு மணி நேரத்தில் பழசாகிவிடும் எதையும் அதில் போடாதீர்கள். கடிகாரம், வெப்பநிலை இரண்டும் கூடாது. மாறிக்கொண்டே இருக்கும் எண் எதுவாக இருந்தாலும் அது இன்னொரு போன்தான்.

தமிழில் போடும்போது ஒரு சிக்கல் நிச்சயம் வரும். திரையை ஓட்டும் ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சில்லில் வழக்கமாகப் போடும் எழுத்து நிரல்களுக்குத் தமிழ் எழுத்துச் சேர்க்கை தெரியாது. 'கொ' என்பது நினைவகத்தில் 'க' முதலில், குறி பின்னால். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். அந்தச் சில் வந்த வரிசையிலேயே வரைந்து 'கொட்டச்சேடு' என்ற ஊர்ப்பெயரைக் கூளமாக்கிவிடும். சில்லில் மல்லுக்கட்டாதீர்கள். ஆபீஸில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வைத்து, எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரிந்த பேங்கோ அல்லது ஹார்ஃப்பஸ் நிரல் வழியாக முழுப் பக்கத்தையும் படமாக வரைந்து, புள்ளிக்கு ஒரு பிட் கணக்கில் 48,000 பைட்டாக அனுப்புங்கள். திரை அதை அப்படியே ஒட்டிக்கொள்ளட்டும். மெல்லிய எழுத்துரு கறுப்பு வெள்ளையில் உடைந்து, 'ண', 'ன' வளைவுகள் அறுந்து தெரியும். தடித்த எழுத்து, 32 புள்ளிக்குக் குறையாமல். இந்தத் திரையில் அது ஆறரை மில்லிமீட்டர் உயரம், கண்ணாடி போட்ட தாத்தாவும் இரண்டடி தள்ளி நின்று படிக்கலாம்.

பேட்டரி விஷயத்தில் ஏமாற வேண்டாம். சில் தூங்கும்போது 10 மைக்ரோஆம்பியர் என்று அட்டையில் இருக்கும். மலிவு போர்டில் கூடவே இருக்கும் யுஎஸ்பி சில்லும் ரெகுலேட்டரும் சில மில்லிஆம்பியர் குடிக்கும். 5 மில்லிஆம்பியர் என்றால் 2500 மில்லிஆம்பியர்-மணி செல் 20 நாளில் காலி. தூக்கத்தில் குறைவாகக் குடிக்கும்படி செய்த போர்டு 50 மைக்ரோஆம்பியரில் நிற்கும். நாளுக்கு இரண்டு முறை எழுந்தாலும் ஒரு வருடம் தாராளமாக ஓடும். பெட்டியின் ஓட்டையை எல்லாம் அடைத்துவிடுங்கள். பனிக்காகத்தான் என்றில்லை, எறும்பும் பல்லியும் உள்ளே நுழையும்.

சாயங்காலத் தபால் என்பது அடுத்தது. விருந்தாளிக்கு வீட்டிலிருந்து வரும் அவசரமில்லாத செய்திகளை அன்றன்று மொத்தமாக, துண்டுக் காகிதத்தில் அச்சடித்து, 6.30 மணிக்கு சுக்கு காபியோடு கொடுப்பது. வில்லியம் ஓடம் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதே வழியில் ஒரு மரப்பெட்டி செய்திருக்கிறார்கள். உரிமையாளர் இணையத்தில் சேர்த்து வைத்த பழைய படங்களிலிருந்து மாதத்துக்கு நாலைந்தை மட்டும், எப்போது என்று சொல்லாமல், பெட்டிக்குள் அச்சடித்துப் போடும். கேட்டால் கொடுக்காது. அதைத் தருகிற நேரம் பெட்டியின் கையில் இருந்ததால், வந்த படத்தை வீட்டார் நின்று பார்த்தார்கள்.

உங்களுக்கு 58 மில்லிமீட்டர் பில் பிரிண்டர் போதும். வரிக்கு 384 புள்ளி. தமிழை இங்கேயும் படமாகத்தான் அனுப்ப வேண்டும். அதற்குத் தனியாக 2 ஆம்பியர் அடாப்டர் கொடுங்கள். ராஸ்பெர்ரி பையின் இணைப்பு ஊசிகளிலிருந்தே கரண்ட் எடுத்தால் கறுப்பு அதிகமான வரி வந்ததும் பை ரீசெட் ஆகிவிடும், தாள் பாதியில் நிற்கும். பில் தாள் ஈரத்திலும் வெயிலிலும் மங்கிவிடும், சுருளை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பிபிஏ என்ற ரசாயனம் கலக்காத தாள் என்று கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து செய்தியைத் தானாக இழுக்கும் மென்பொருள் எதையும் நம்பி இறங்க வேண்டாம், கணக்கு முடக்கப்படலாம். மூன்று அறைக்கு ஒரு ஆள் தட்டச்சு செய்தாலே முடிந்துவிடும். அந்த ஆள் படிப்பார் என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது தெரிந்தே எழுதட்டும்.

போன் பெட்டி வைப்பதாக இருந்தால் பூட்டாதீர்கள், பூட்டினாலும் சாவி விருந்தாளியிடமே இருக்கட்டும். பிடுங்கி வைத்த போன் கையில் இருக்கும் போனைவிட அதிகமாக நினைப்பில் நிற்கும். மூடிய மரப்பெட்டிக்குள் ஆறு போன் சார்ஜ் ஏறினால் நன்றாகச் சூடாகும். பின்பலகையில் மேலும் கீழும் 30 மில்லிமீட்டர் துளைகள் போடுங்கள், மேலே துணி விரிக்க விடாதீர்கள்.

சிலரிடம் போனை வைக்கச் சொல்லவே கூடாது. கையில் ரத்தச் சர்க்கரை சென்சார் ஒட்டியிருப்பவருக்குப் போன்தான் எச்சரிக்கை மணி. பல மாடல்களுக்கு சென்சாரிலிருந்து 6 மீட்டருக்குள் போன் இருந்தாக வேண்டும். அவர்களுக்கும், வயதான அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கும், 'தொந்தரவு செய்யாதே' முறையைச் சேர்ந்து உட்கார்ந்து அமைத்துக் கொடுங்கள். முக்கியமானவர்களின் அழைப்பு மட்டும் வரும்படியும், மறுபடி அழைத்தால் வரும்படியும். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் ஒலிக்கும், ஐபோனில் 3 நிமிடத்துக்குள். சென்சார் ஆப்பின் எச்சரிக்கைக்கு விலக்கு கொடுத்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், பலர் இதைத்தான் விட்டுவிடுவார்கள். போன் இல்லாமல் இருட்டில் நடப்பவர் கையில் டார்ச்சும் இல்லாமல் நடப்பார். தோட்டத்தில் காட்டுமாடு உலவும் இடமென்றால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு டார்ச் கட்டாயம்.

சத்தத்தையும் வெளிச்சத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலையில் கரண்ட் போனால் வரும் நிசப்தத்தை யுபிஎஸ்ஸின் பீப் ஒலி கெடுக்கும், அதை அணைக்கும் வசதி இருப்பதாக வாங்குங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் உறுமும், சைன் வேவில் உறுமாது. தண்ணீர் மோட்டார் காலை காபி மணிக்குப் பிறகு ஓடட்டும். பல்பு 2700 கெல்வின், மஞ்சள். அடாப்டர், ரவுட்டர், ஏசி எல்லாவற்றிலும் மினுக்கும் நீலப் புள்ளிகள் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப். டிவியை எடுத்த இடத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் ஜன்னலைப் பார்த்தபடி போடுங்கள்.

சேலத்துக்குள் வீட்டில் இதையே செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அம்மாபேட்டை மாதிரித் தறிச் சத்தமும் அக்கம்பக்கப் பேச்சும் கலந்த தெருவில் நிசப்தம் கிடைக்காது, தேடவும் வேண்டாம். அங்கே மணி வேண்டாம், கூப்பிட்டால் கேட்கும். குடும்பத்துக்கு ஒரு பட்டன் போன், ரவுட்டர் அட்டவணை, மாலை ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் ஒருவர் தனியாக இருக்கலாம் என்ற ஒப்பந்தம், இந்த மூன்றே பெரிய மாற்றம்.

செலவை ஒரேயடியாக இறக்காதீர்கள். முதல் மாதம் பட்டன் போனும் மணியும் பேட்டரியும். அது ஒரு மழையைத் தாண்டி நின்றால் வைஃபை நேரம். பலகையும் தபாலும் அதற்குப் பிறகு. புக்கிங் செய்தவருக்கு இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: எங்கள் அவசர நம்பர் இது, வீட்டில் இருவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், வைஃபை இந்த நேரத்தில் இந்த இடத்தில் கிடைக்கும், வங்கி ஓடிபி வேலை இருந்தால் மலை ஏறுமுன் முடித்துவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் தடை போட்டது போல ஆகிவிடும். இதையெல்லாம் மீறி, ஆபீஸ் வேலை, விட முடியாது என்று ஒருவர் கேட்டால் வாதாட வேண்டாம். ஆபீஸ் திண்ணையில் ஒரு மேசையும் நாள் முழுக்க ஓடும் தனி இணைப்பும் அவருக்காக வைத்திருங்கள், அவர் வேலை மற்ற இரண்டு அறைக்கும் கேட்காது.